தனித்திருக்கும் குருவியின் பாட்டு

என் இனிய தோழிக்கு,

கிருத்திகைக்கு மாவிளக்கு இடுவதற்காக இன்று காலையில் தினை வாங்கி வந்தேன். விழுப்புரம் கடைத்தெருவில் இப்போது தினையையும் பளபளக்கும் உறையில் அடைத்து விற்கிறார்கள். உறையைப் பிரித்து முறத்தில் கொட்டியதும் எழுந்த மணத்தில், முருகனுக்கு முன்பாக நீங்கள் வந்து நின்றீர்கள். உமியும் புழுதியும் மெல்லிய இனிப்புமாக எழுந்த அந்த மணம், திண்டிவனத்தில் நம் கல்லூரியின் விலங்கியல் துறைப் பின்னறைக்கு உரியது. கூண்டுகளின் அடியில் சிந்திக் கிடக்கும் தினை, அதன்மேல் தத்தும் செம்மூக்குப் பிஞ்ச் குருவிகள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காதைச் சாய்த்து நிற்கும் நீங்கள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு இம்மடலை எழுத உட்கார்ந்தேன்.

உள்ளறையில் என் கணவர் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். அங்கிருந்து உடைந்த சொற்கள் வருகின்றன. நான் கேட்காதவள்போல் இருக்கிறேன். அப்படி இருக்கக் கற்பித்தவர் நீங்கள்தாம்.

ஒரே கல்லூரியில் நான் தமிழும் நீங்கள் விலங்கியலும் கற்பித்தோம்; ஆயினும் நம்மை நட்பாக்கியது, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் காலைப் பயணிகள் வண்டியின் மகளிர் பெட்டி. கோட்டக்குப்பத்தில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர் நீங்கள். கணவர் வளைகுடாவில். உங்கள் கையில் எப்போதும் இறைநாமம் எண்ணும் தஸ்பீஹ் மணி. எதிர் இருக்கையில் நான் பதிகம் ஓதிக்கொண்டு வருவேன். இருவர் உதடும் ஓசையின்றி அசைவதை நெடுநாள் பார்த்திருந்த, வண்டியில் வேர்க்கடலை விற்கும் மல்லாட்டைக்காரப் பெண்மணி ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டே விட்டார்: “ரெண்டு பேரும் யார்கிட்டதான் பேசிக்கினு வர்றீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லி வைக்கறது.” நாம் சிரித்த சிரிப்பில் என் பதிகத்தின் அடி தவறியது, உங்கள் மணியின் எண்ணிக்கையும் தவறியது. அன்று முதல் நாம் தோழியர்.

அதே பெண்மணியை வைத்துத்தான் உங்கள் ஆய்வை எனக்கு முதன்முதலில் விளக்கினீர்கள். பெட்டி முழுவதும் கேட்கக் கூவிக்கொண்டு வந்தவர், மயிலம் தாண்டியதும் ஓர் இளந்தாயின் மடியில் பிள்ளை உறங்குவதைக் கண்டு, அதே கூவலைக் காற்றாகக் குறைத்து, கூடையை ஆட்டிக் காட்டிக் கடந்து போனார். நீங்கள் என் கையைப் பற்றினீர்கள்.

“பாத்தீங்களா தமிழம்மா? விக்கணும், ஆனா புள்ள எழுந்துக்கக் கூடாது. ரெண்டையும் ஒரே தொண்டையில கட்டி மேய்க்கறாங்க. இதுதான் நான் படிக்கற பாடம்.”

பிறகு எளிய சொற்களால் அதை விரித்தீர்கள். பருந்தைக் கண்ட கோழி எழுப்பும் குரல், அது முட்டையிலிருந்தே கொண்டுவந்த குரல். தாயைப் பார்த்தறியாத கோழியும் அவ்வாறே கத்தும். மூளையின் அடித்தளத்திலிருந்து தொண்டைக்குச் செல்லும் அந்த வழி மிகப் பழையது. அச்சமும் பசியும் அழுகையும் அவ்வழியே வருகின்றன. நமக்கும் அது உண்டு. பாடும் பறவைகள், கிளிகள், திமிங்கிலங்கள், சில வௌவால்கள், மனிதர் எனச் சிலருக்கு மட்டும் முன்மூளையிலிருந்து தொண்டைக்கு இன்னொரு வழியும் அருளப்பட்டுள்ளது. கேட்டுக் கற்கவும், இடம் பார்த்து மாற்றவும், வேண்டாத இடத்தில் அடக்கவும் அந்த வழி வேண்டும். “அடக்கத் தெரிஞ்சாத்தான் அது பேச்சு, தமிழம்மா. இல்லன்னா சத்தம்” என்றீர்கள்.

மாலையில் விழுப்புரம் சந்திப்பில் இறங்கினால் மரமெல்லாம் மைனா. என்ஜின் உறுமும்போது அவை குரலை உயர்த்துவதைக் காட்டினீர்கள். இரைச்சலில் குரல் தானே உயர்வதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. அடித்தளமே அதைச் செய்துவிடும் என்றீர்கள். ஆனால் வண்டி போய் முடியும்வரை வாய் மூடிக் காத்திருந்து, அமைதி வந்ததும் தொடங்கும் ஒன்றிரண்டு மைனாக்களையே நீங்கள் தேடினீர்கள். அதற்கு மேல்தளத்தின் ஆணை வேண்டும்போலும் என்று ஐயத்தோடு சொன்னீர்கள். ‘போலும்’ என்ற சொல்லை நீங்கள் விடாமல் பயன்படுத்தியது எனக்குப் பிடித்திருந்தது. உரையாசிரியர்களிடம் மட்டுமே நான் கண்டிருந்த அடக்கம் அது.

பதிலுக்கு நான் தினைப்புனக் காட்சியைச் சொன்னேன். கிளி கடியும் பெண் குரல் எழுப்ப, அதைத் தன் இனத்தின் குரலென்று எண்ணிக் கிளி அங்கேயே தங்கிவிடும் என்பது பழைய புலவர் மரபு. நீங்கள் வியந்துபோனீர்கள். உலகத்தில் உள்ள எல்லா உயிரையும் விட்டுவிட்டுக் குரலைக் கேட்டுக் கற்கும் இரண்டை எப்படித் தேர்ந்து எதிரெதிரே நிறுத்தினார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் மறையில் ஒரு நபிக்குப் பறவைகளின் மொழி அருளப்பட்டதை அன்றுதான் எனக்குச் சொன்னீர்கள். அதை நினைத்தே இத்துறைக்கு வந்ததாகவும், வீட்டார் மருத்துவம் படிக்கச் சொன்னபோது அதைச் சொல்லியே தப்பித்ததாகவும் சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்கள் பின்னறைக்கு நான் வரத் தொடங்கியது அதன் பிறகு. அங்கே ஒருநாள் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கேட்கச் செய்தீர்கள். இரண்டும் ஒரே ஆண் குருவியின் பாட்டு. முதலாவதில் அது கூண்டில் தனித்திருந்தது. பாட்டு ஒருமுறை போல் மறுமுறை இல்லை, சுரங்கள் நெளிந்தன, ஓரிடம் இழுபட்டது. இரண்டாவதில் பேடு அருகில் வந்து அமர்ந்திருந்தது. பாட்டு வார்த்தெடுத்ததுபோல் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தது.

“தனியா இருந்தா உளறுவான். அவ வந்து பக்கத்துல குந்திக்கினா ஒரு சுரம் பிசகாது. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி.”

இதற்குக் காரணமானதை நீங்கள் சொன்னபோது உங்கள் குரல் தாழ்ந்தது. பாட்டைப் பாடுவிக்கும் நரம்புவழி ஒன்று இருக்க, அதன் பக்கத்தில் அந்தப் பாட்டை அசைத்துக் குலைப்பதற்கென்றே இன்னொரு சுற்று இருக்கிறது. இளங்குருவி கற்கும் பருவத்தில் அந்தச் சுற்று அடங்கிவிட்டால் பாட்டு அப்படியே உறைந்துவிடும். அதன்பின் தவறும் நேராது, தேர்ச்சியும் நேராது. “தப்பு பண்றதுக்குன்னே தலைக்குள்ள ஒரு எடம் வச்சிருக்கான் பாருங்க. அவன் எவ்ளோ பெரியவன்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றேன். ஒரு கோயிலில் நிற்பதுபோல் இருந்தது.

நாம் இருவரும் ஓய்வு பெற்றபின் நீங்கள் கோட்டக்குப்பத்துத் தாய்வீட்டுக்குத் திரும்பினீர்கள். சில காலத்தில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை தளர்ந்தது, பேச்சு முற்றும் போயிற்று. நான் சொல்வதை அவர் ஓரளவு புரிந்துகொண்டார். மறுமொழிதான் வரவில்லை. தெருவழிபாட்டுக் குழுவில் முன்னின்று பதிகம் பாடியவர், தண்ணீர் வேண்டுமெனில் கட்டிலை இடக்கையால் அறைந்தார். என்ன வேண்டுமென்று நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் தலையை அசைத்து மறுத்துவிட்டுக் கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் என்னை ‘ஏம்மா’ என்று அழைப்பது வழக்கம். அந்த ஒரு சொல் திரும்ப வேண்டுமென்றே நான் விளக்கேற்றினேன்.

ஒருநாள் குழுவினர் அவரைப் பார்க்க வந்து கட்டிலருகே பதிகம் பாடினர். முதல் அடி முடிவதற்குள் அவர் வாய் திறந்தது. அடி பிசகாமல், பண் மாறாமல், பதிகம் முழுவதும் பாடினார். அறையில் அழாதவர் இல்லை. முருகன் செய்த அற்புதம் என்றார்கள். நானும் அவ்வாறே நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதுமுதல் குழுவினர் நாள்தோறும் வந்து பாடினர். அவரும் பாடினார். பாட்டு முடிந்த மறுகணம் தண்ணீருக்காகக் கட்டில் அறைபட்டது.

செய்தி அறிந்து நீங்கள் பேருந்து மாறி வந்தீர்கள். குழுவோடு அமர்ந்து முழுவதும் கேட்டீர்கள். எல்லோரும் உங்கள் முகத்தில் வியப்பை எதிர்பார்த்தனர். வெளியே வந்ததும் நீங்கள் என்னிடம் சொன்னது இது: “ஒரு தப்பு கூட வரலியே, தமிழம்மா. அதான் எனக்குப் பேஜாரா இருக்குது.”

மனப்பாடமான பாட்டு மூளையில் வேறு வழியாகச் சேதமின்றி வரக்கூடும். அது உறைந்த பாட்டு. அவருக்கு வேண்டியது தடுமாறித் தடுமாறி உருவாகும் பேச்சு என்றீர்கள். உடனே தயங்கி, குருவி வேறு சார் வேறு, தாம் மருத்துவரும் அல்லர் என்று சொல்லி, புதுச்சேரியில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஓர் அம்மையாரிடம் எங்களை அழைத்துச் சென்றீர்கள். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, பாட்டின் மெட்டில் சிறு சிறு சொற்றொடர்களை ஏற்றிப் பழக்குவது தெரிந்த முறைதான் என்றும், எல்லோருக்கும் பலிக்காது என்றும் சொன்னார். இடக்கையால் தாளம் தட்டிக்கொண்டே, அவருக்கு ஆழப் பதிந்த மெட்டில், ‘தண்ணி வேணும்’ என்று பாடவைக்க வேண்டும். முதல் மாதங்களை வீணாக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

அவருக்கு ஆழப் பதிந்த மெட்டு பதிகத்தின் பண். இறைவன் புகழ் நின்ற இடத்தில் ‘தண்ணி வேணும்’ என்றும் ‘காப்பி வேணும்’ என்றும் வைப்பதா? குழுவின் பெரியவர் வேண்டாம் என்று கடிந்தே சொன்னார். நான் உங்களிடம் சொல்ல, நீங்கள் கேட்டீர்கள்.

“கேக்கறவன் யாரு, தமிழம்மா? அவனுக்குத் தெரியாதா, இந்த மனுசனுக்குத் தாகம்னு?”

மறுநாள் மயிலம் மலையேறினேன். சந்நிதியில் தொழுதேன். படியிறங்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன்: பதிகம் பாடிய அடியார்கள் இறைவனிடம் எதைக் கேளாமல் விட்டார்கள்? சோறு கேட்டார்கள். இழந்த கண்ணைக் கேட்டார்கள். ஊடிய மனைவியிடம் தூது போகவும் சொன்னார்கள். கேட்பதற்கென்றே பிறந்த பண்ணில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்பது எவ்வாறு பிழையாகும்? கீழே வந்து பேருந்துக்குக் காத்திருக்கையில் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “ஜல்தி ஆரம்பிங்க” என்றீர்கள்.

தொடங்கினோம். ‘தண்… தண்…’ என்பதற்கு மேல் வரவில்லை. வந்த சொல்லும் வேறு சொல்லாக வந்தது. அவர் ஒன்றைத் தவறிச் சொல்வார், என் முகத்தைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார். நான் திருத்தக்கூட இல்லையே என்று உங்களிடம் முறையிட்டேன். அருகில் அமர்ந்து ஒரு பொழுது முழுவதும் பார்த்தபின் சொன்னீர்கள்:

“உங்க மொகத்துலயே செவப்பு மை இருக்குது, தமிழம்மா. விடைத்தாள் திருத்துற மொகம். சாரு உங்க முன்னாடி தப்பு பண்ண மாட்டாரு. எழுந்து வெளிய வாங்க.”

கதவைச் சாத்தினீர்கள். பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு இருவரும் மல்லாட்டை உரித்தோம். நெடுநேரம் உள்ளே ஓசையில்லை. பிறகு கட்டில் மரத்தில் தாளம் எழுந்தது. அதன்மேல் குழறலாக ஏதோ ஒன்று; பண் பாதி, சொல் கால். நான் எழப் போனேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். “உளறட்டும். குருவியோட நேரம் இது” என்றீர்கள்.

குழுவினரை இனித் திங்கட்கிழமை மட்டும் வரச் சொன்னோம். சிலர் மனம் நொந்தனர். அவர்களிடம் நீங்களே பேசினீர்கள். அவர்கள் பாட்டால்தான் சாருக்கு மெட்டு தங்கியிருக்கிறது, அந்த மெட்டில்தான் நாங்கள் வீடு கட்டுகிறோம் என்று நீங்கள் சொன்னதும் பெரியவர் தணிந்தார். பிறகு அவரே வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே குழறல் கேட்டால், சத்தமின்றித் திரும்பிப் போகத் தொடங்கினார்.

வாரங்கள் சென்றன. ஒரு நண்பகலில் அவருக்குச் சோறு வைத்துவிட்டு அடுக்களையில் இருந்தேன். கைத்தடி ஊன்றும் ஓசை கேட்டது. வாயிற்படியில் வந்து நின்று, இடக்கையால் நிலையைத் தட்டிக்கொண்டு, பதிகத்தின் பண்ணில் பாடினார்:

“ஏம்மா… ரசத்துல… உப்பில்ல.”

நான் உப்புச் சாடியை எடுக்கத் திரும்பினேன். சாடி கைக்கு வந்த பிறகே, அவர் முதலில் சொன்ன சொல் எதுவென்று உறைத்தது. சாடியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ரசத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

தொலைபேசியில் நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. “மொத வார்த்தையே புகாரா? அப்ப சாரு முழுசா திரும்பிட்டாரு.” சிரிப்பின் நடுவே நீங்கள் மூக்கை உறிஞ்சியதையும் கேட்டேன். நீங்கள் மறைத்தீர்கள், நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முழுவதும் திரும்பவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். பெயர்கள் இன்றும் அவருக்கு நழுவுகின்றன. நீண்ட வாக்கியத்தில் நடுவழியில் நின்றுவிடுவார். ஆயினும் மெட்டு மெல்ல மெல்ல உதிர்ந்து, பேச்சு பேச்சாக நின்றது. புதிதாக ஏதேனும் சொல்ல வேண்டுமெனில் முதலில் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே உடைத்து, குழறி, சேர்த்து, பிறகு வெளியே வந்து சொல்வார். நான் உங்களைப் போல் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

நீங்கள் போன செய்தி உங்கள் மகனிடமிருந்து வந்தபோது நல்லடக்கம் முடிந்திருந்தது. நோயை எங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டீர்கள். என் கணவரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் உள்ளறைக் கதவு சாத்தப்பட்டது. ‘உங்க… அம்… பேச்… பேச்சு…’ என்று கேட்டது. பின்கட்டுக்குப் போய் முறத்தின் முன் உட்கார்ந்தேன். உரிக்க எதுவும் இருக்கவில்லை. அடுத்த நாளும் கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்த நாள் வெள்ளை வேட்டி உடுத்து வந்து, காரை அழைக்கும்படி சைகை காட்டினார்.

கோட்டக்குப்பத்தில் உங்கள் வீட்டுக் கூடத்தில் கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அண்டை வீட்டார் ஆக்கி அனுப்பிய சோறு ஒரு மூலையில் மூடியிருந்தது. வளைகுடாவிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் எங்களை அமரச் செய்தார். கூடம் நிறைய உறவினர். இத்தனை பேர் முன்னிலையில் இவர் நடுவில் நின்றுபோனால் என் செய்வது என்று அஞ்சினேன். அவர் இடக்கையைத் தொடைமேல் வைத்தார். விரல் ஒருமுறை தட்டியது. பின்னர் அதுவும் நின்றது. உங்கள் மகனின் முகத்தைப் பார்த்து, பண் ஏதுமில்லாமல், சாதாரணமாகச் சொன்னார்:

“எனக்குப் பேச்சு குடுத்தது உங்க அம்மா. ஆண்டவன் அவங்கள நல்லா வச்சிக்கணும்.”

ஒரு சுரம் பிசகவில்லை.

உங்கள் மகன் அவர் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: “அம்மா சாரப் பத்தி சொல்லிக்கினே இருப்பாங்க. என் குருவிங்கள்ல ஒண்ணு விழுப்புரத்துல குடியிருக்குது, அது மட்டும் உப்பு கேக்கும்னு.” என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு முடியுமுன் அழுகை வந்தது. சிரிப்பும் அழுகையும் மட்டும் எக்காலத்தும் அவரை விட்டுப் போகவில்லை என்று காரில் திரும்பும்போது எண்ணினேன். கோழிக்கும் நமக்கும் பொதுவான பழைய வழி என்று நீங்கள் சொன்னது அதுதானே.

தோழி, என்னிடம் நீங்கள் விட்டுச் சென்றது கதவைச் சாத்திவிட்டு நகரும் இந்தப் பழக்கம். இறைவன் உயிர்களுக்குக் குரல் கொடுத்தான் என்று நான் அறிந்திருந்தேன். அக்குரல் பிழை செய்து தேறுவதற்கு ஒரு தனியிடத்தையும் சேர்த்துக் கொடுத்தான் என்பதை உங்கள் குருவிகளிடமிருந்து அறிந்தேன். இப்போது பூசையறையில் தனித்திருக்கும்போது என் பதிகமும் தடுமாறுகிறது, வயதாகிவிட்டது. முன்போல் நிறுத்தித் தொடக்கத்திலிருந்து ஓதுவதில்லை. தடுமாற்றத்தோடே பாடி முடிக்கிறேன்.

இம்மடலையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உங்கள் மகன் சொன்ன இடத்தில் குரல் நின்றுவிட்டது. மல்லாட்டை உரித்த இடத்திலும். உள்ளறையில் அவர் ஏதோ பழகிக்கொண்டிருக்க, வெளியே நான் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மறையும் என் மறையும் எப்பெயரால் அழைத்தாலும், பிரிந்தோர் எதிர்ப்படும் நாள் ஒன்று உண்டென்பதில் நாம் வேறுபட்டதில்லை. அன்று நீங்கள் அருகில் வந்து அமர, இவற்றையெல்லாம் பிசகாமல் சொல்வேன். அதுவரை என் அறைக் கதவும் சாத்தியே இருக்கட்டும்.

மாவிளக்குக்குத் தினையை இடிக்க வேண்டும். ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்துப் பின்கட்டுச் சுவர்மேல் தூவிவிட்டு வருகிறேன்.

உங்கள்
தமிழம்மா